மகளின் வயிற்று வலியும் மாட்டின் சினை ஊசியும்... இரண்டுக்கும் பின்னால் ஒரே பொருள்!

மாதவிடாய் நாளில் சுருண்டு படுக்கும் மகள் ஒருபக்கம். மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை பிடிக்காத மாடு இன்னொரு பக்கம். கிராமத்து வீடுகளில் இந்த இரண்டு கவலையும் ஒரே நேரத்தில் இருக்கும். ஆனால், இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதன் பெயர் புராஸ்டாகிளாண்டின்.

செஞ்சிக் கோட்டைக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடமும், பார்சுவநாதர் கோயிலும், தேரும் இந்த ஊரின் அடையாளங்கள். ஊரைச் சுற்றி நெல்லும் மல்லாட்டையும் விளைகின்றன. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பயிர் கைவிட்டாலும் கைகொடுப்பது கறவை மாடுதான். பால் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு நடக்கும். அதனால் மாடு சினை பிடிப்பதும் மகள் பள்ளிக்கூடம் போவதும் இங்கே ஒரே வீட்டுக் கணக்கு.

அந்தக் கணக்கில் அடிக்கடி குறுக்கே வருகிற பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டால், மகளுக்கு மாதத்தில் இரண்டு நாள் மிஞ்சும். மாட்டுக்கு 21 நாள் மிஞ்சும்.

பெயரே தப்பாக வந்ததுதான்!

1930-ல் நியூயார்க்கில் இரண்டு மருத்துவர்கள், ஆணின் விந்துத் திரவம் பட்டால் கருப்பைத் தசை சுருங்குவதையும் தளர்வதையும் கவனித்தார்கள். அந்தத் திரவத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. 1935-ல் ஸ்வீடன் விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர், அது புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது என்று எண்ணி 'புராஸ்டாகிளாண்டின்' என்று பெயர் வைத்தார். பிறகுதான் தெரிந்தது, அது பெரும்பாலும் விந்துப் பையிலிருந்து வருகிறது என்று. அதற்கும் பிறகு, உடம்பின் கிட்டத்தட்ட எல்லாத் திசுக்களும் அதைத் தயாரிக்கின்றன என்பது தெரியவந்தது. பெயர் மட்டும் மாறவே இல்லை.

இதை ஹார்மோன் என்று சொல்வதா? முழுசாகச் சொல்ல முடியாது. ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியில் உருவாகி, ரத்தத்தில் ஏறி, தூரத்து உறுப்புக்குச் சேதி சொல்லும். தைராய்டு, இன்சுலின் எல்லாம் அப்படித்தான். புராஸ்டாகிளாண்டின் அப்படி ஊர் சுற்றாது. தேவைப்படும் இடத்திலேயே உருவாகும். பக்கத்து செல்லுக்குச் சேதி சொல்லும். சில நிமிடங்களில் அழிந்துவிடும். ஹார்மோனைத் தபால் என்று வைத்துக்கொண்டால், இது திண்ணையில் இருந்து அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடும் குரல்.

இதற்கு மூலப்பொருள் நம் செல்களின் சவ்வில் இருக்கும் அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு. மல்லாட்டை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் லினோலெயிக் அமிலத்திலிருந்தும் உடம்பு அதைத் தயாரித்துக்கொள்ளும். அதை காக்ஸ் என்ற நொதி புராஸ்டாகிளாண்டினாக மாற்றுகிறது. இதில் பல வகைகள். கருப்பையைப் பொறுத்தவரை இரண்டு முக்கியம். ஒன்று, எஃப்2 ஆல்ஃபா. இது தசையை இறுக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும். இன்னொன்று, ஈ2. இது ரத்தக்குழாயை விரிக்கும், வலி நரம்புகளைக் கூர்மையாக்கும், கருப்பை வாயை மென்மையாக்கும். கீழே சொல்லப்போகும் கதை முழுவதும் இந்த இரண்டு பேருடையது.

பூட்டு புரோஜெஸ்டிரான் கையில்!

இவ்வளவு வலிமையான பொருளைக் கருப்பை தன் இஷ்டத்துக்குச் சுரக்கவிட்டால் கர்ப்பமே தங்காது. அதனால் அதற்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டின் பெயர் புரோஜெஸ்டிரான்.

ஒவ்வொரு மாதமும் கருமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த இடத்தில் சூலகத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு தற்காலிகச் சுரப்பி உருவாகும். கார்பஸ் லூட்டியம் என்பார்கள்; தமிழில் மஞ்சள் உடலம். இது புரோஜெஸ்டிரானைச் சுரந்து, கருப்பையின் உள்சுவரைக் கருவுக்கான மெத்தையாகத் தயார்படுத்தும். அதே புரோஜெஸ்டிரான் இன்னும் இரண்டு வேலைகளையும் பார்க்கும். புராஸ்டாகிளாண்டின் தயாரிக்கும் காக்ஸ் நொதியை அடக்கிவைக்கும். தப்பித்தவறி உருவாகும் புராஸ்டாகிளாண்டினை அழிக்கும் இன்னொரு நொதியைப் பெருக்கும்.

கரு உருவாகவில்லையா? சுமார் 14 நாளில் மஞ்சள் உடலம் தானாகச் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரான் சரசரவென இறங்கும். பூட்டு திறக்கும். அடக்கப்பட்டிருந்த காக்ஸ் நொதி பெருகும், அழிக்கும் நொதி குறையும். உள்சுவரில் புராஸ்டாகிளாண்டின் நிரம்பும். ரத்தக்குழாய்கள் சுருங்கும், மெத்தை உதிரும், கருப்பைத் தசை பிழிந்து அதை வெளியே தள்ளும். இதுதான் மாதவிடாய்.

ஆக, புராஸ்டாகிளாண்டின் வில்லன் அல்ல. அளவோடு இருந்தால் உதிர்ந்த சுவரை வெளியேற்ற உதவும் பொருள்தான் அது. அளவு மீறும்போதுதான் பிரச்னை.

'பொறுத்துக்கோ' என்று சொல்லும் முன்...

இங்கிலாந்தின் வெர்னான் பிக்கிள்ஸ் 1957-ல் மாதவிடாய் ரத்தத்தில் கருப்பைத் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதை எழுதினார். 1965-ல் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், வலி உள்ள பெண்களையும் வலி இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு, அந்தப் பொருள் புராஸ்டாகிளாண்டின்தான் என்று காட்டினார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. அதுவரை மாதவிடாய் வலியை 'மனசு சம்பந்தப்பட்டது', 'செல்லமாக வளர்ந்த பெண்களுக்கு வருவது' என்று மருத்துவர்களில் பலரே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்க்கக்கூடிய ஒரு ரசாயனக் காரணம் அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டியது. நம் வீடுகளில்தான் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். புராஸ்டாகிளாண்டின் அதிகமானால் கருப்பைத் தசை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தில் தசைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் நின்றுபோகும். ரத்தம் கிடைக்காத தசை வலிக்கும். மாரடைப்பில் இதயத் தசை வலிப்பதும் ரத்தம் கிடைக்காததால்தான். உயிராபத்து இல்லை என்பது பெரிய வித்தியாசம். ஆனால் வலி பொய் இல்லை.

மிஞ்சிய புராஸ்டாகிளாண்டின் பக்கத்தில் உள்ள குடலையும் தொடும். அதனால்தான் அந்த நாளில் சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல், வாந்தி, தலைவலி. 'ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலை' என்று நாம் நினைப்பது பல நேரம் இதுதான்.

அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'வயசுக்கு வந்த புதுசுல வலியே இல்ல. ஒரு வருஷம் கழிச்சு ஏன் வருது?' இதற்கும் விடை அதே பூட்டில் இருக்கிறது. முதல் சில மாதங்களில் பல பெண்களுக்குக் கருமுட்டை ஒழுங்காக வெளியேறாது. முட்டை வெளியேறாவிட்டால் மஞ்சள் உடலம் இல்லை. புரோஜெஸ்டிரான் ஏறி இறங்குவதும் இல்லை. புராஸ்டாகிளாண்டினும் அதிகம் சேராது. சுழற்சி ஒழுங்கான பிறகே வலி தலைகாட்டும். அதாவது, அந்த வலி பெரும்பாலும் சூலகம் சரியாக வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். அதற்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

'கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்' என்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வலி குறைவது உண்மைதான். ஆனால், 15 வயதுப் பெண்ணிடம் பத்து வருஷம் காத்திரு என்பது வைத்தியமா?

தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கிடைக்கிறது. நாப்கினைப் பற்றிப் பேசப் பழகிவிட்டோம். வலியைப் பற்றிப் பேசுவதுதான் பாக்கி. மாதம் இரண்டு நாள் பள்ளிக்கு வராத பெண், பத்து மாதக் கல்வியாண்டில் 20 நாள் பாடத்தை இழக்கிறாள். கணக்கில் ஒரு புது அத்தியாயம் நடந்து முடிய அதைவிடக் குறைந்த நாளே போதும்.

மாத்திரை: எது, எப்போது, யாருக்கு வேண்டாம்?

ஆஸ்பிரின் 1899-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அது எப்படி வலியைக் குறைக்கிறது என்பது 70 வருஷத்துக்கும் மேல் யாருக்கும் தெரியாது. 1971-ல் இங்கிலாந்தின் ஜான் வேன், அது புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார். புராஸ்டாகிளாண்டின் ஆய்வுகளுக்காக சூனே பெரிஸ்ட்ரோம், பெங்க்ட் சாமுவேல்சன் ஆகிய ஸ்வீடன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1982-ல் நோபல் பரிசும் பெற்றார்.

மாதவிடாய் வலிக்குத் தரப்படும் மெஃபினாமிக் அமிலம், ஐபுபுரூஃபன், நாப்ராக்ஸன் ஆகியவை இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. காக்ஸ் நொதியை அடைத்து, புராஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. ஏற்கெனவே உருவாகிவிட்டதை இந்த மாத்திரை அழிக்காது. 'தாங்க முடியலைன்னா மட்டும் போடு' என்று கடைசி வரை தள்ளிப்போட்டால், வெள்ளம் வந்த பிறகு மதகை அடைத்த கதையாகிவிடும். டாக்டர் பரிந்துரைத்திருந்தால், வலியோ ரத்தப்போக்கோ தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் சொன்ன அளவில் போடுவதுதான் சரி. பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள்தான் தேவைப்படும். பாராசிட்டமாலும் வலியைக் குறைக்கும்; ஆனால், இந்த வலிக்கு அதன் சக்தி குறைவு.

இவை மிட்டாய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வயிற்றின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதைப் பார்த்துக்கொள்வதும் புராஸ்டாகிளாண்டின்தான். அதையும் இந்த மாத்திரைகள் குறைத்துவிடும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலி மாத்திரை போட்டால் மூச்சிரைக்கும் ஆஸ்துமாக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. டெங்கு இருக்குமோ என்ற சந்தேகத்துடன் காய்ச்சல் இருந்தால் போடவே கூடாது. கர்ப்பிணிகளும் தாமாகப் போடக்கூடாது.

2023 நவம்பர் 30-ம் தேதி, இந்திய பார்மகோபியா கமிஷன் மெஃபினாமிக் அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாகச் சிலருக்கு, மாத்திரை போட்ட சில வாரங்களில் காய்ச்சல், உடல் முழுக்கத் தடிப்பு, நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றுடன் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பதே அது. எல்லோரும் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், பக்கத்து வீட்டுப் பெண்ணின் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வாங்கிப் போடும் பழக்கத்தை நிறுத்தலாம்.

வெந்நீர் ஒத்தடம்? தாராளமாக. அடிவயிற்றில் சூடு வைத்தால் தசை தளர்ந்து ரத்த ஓட்டம் கூடும். அதன் பலனை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. தொடர்ந்து நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற உடற்பயிற்சியும் உதவும். இஞ்சிக்கும் சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. கிழங்கு வகைகளைத் தவிர்க்கும் சமணக் குடும்பங்களில் பலரும் சுக்கைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு சுக்குக் கஷாயம் போட்டுக்கொடுப்பதில் தவறில்லை. உளுந்தங்களி சத்துக்கு நல்லது. அதை வலி மருந்து என்று மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது.

கொட்டகையில் ஓடும் 21 நாள் கடிகாரம்

இப்போது மாட்டுக் கொட்டகைக்கு வருவோம். பெண்ணுக்கும் பசுவுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம்.

1923-ல் லியோ லோப் என்ற விஞ்ஞானி கினிப் பன்றிகளின் கருப்பையை அறுவை சிகிச்சை மூலம் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் உடலம் வழக்கமான நாளைத் தாண்டியும் சுருங்காமல் உயிரோடு இருந்தது. அப்படியானால், சூலகத்தில் இருக்கும் மஞ்சள் உடலத்துக்கு முடிவு கட்டும் உத்தரவு கருப்பையிலிருந்து வருகிறது என்றுதானே பொருள்? அந்த உத்தரவு எது என்று தெரிய ஏறக்குறைய 50 வருஷம் ஆனது. 1972-ல் செம்மறி ஆட்டில் மெக்கிராக்கனும் அவருடன் பணியாற்றியவர்களும் நிரூபித்தார்கள். அதே எஃப்2 ஆல்ஃபா!

பெண்ணில் மஞ்சள் உடலம் தானாகவே ஓய்வு பெறுகிறது. அதனால்தான் கருப்பையை மட்டும் எடுத்து சூலகத்தை விட்டுவைத்த பெண்களுக்கு, மாதவிடாய் நின்றாலும் ஹார்மோன் சுழற்சி தொடர்கிறது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றில் கதை வேறு. அங்கே கருப்பைதான் மஞ்சள் உடலத்தை வீட்டுக்கு அனுப்புகிறது.

மாடு பருவத்துக்கு வந்து கத்தும் நாளைப் பூஜ்ஜியம் என்று வையுங்கள். சுமார் 16, 17-ம் நாள், கருப்பை உள்சுவரில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் முளைக்கும். ஆக்ஸிடோசின் வந்து தட்டத் தட்ட, எஃப்2 ஆல்ஃபா அலை அலையாக வெளியே வரும். ஓரிரு நாளில் மஞ்சள் உடலம் சுருங்கும். புரோஜெஸ்டிரான் இறங்கும். புது முட்டை வளர்ந்து, 21-ம் நாள் வாக்கில் மாடு மறுபடி கத்தும்.

இதில் இயற்கை ஒரு சிக்கலைத் தீர்த்திருக்கும் விதம் அழகு. ரத்தத்தில் ஏறும் எஃப்2 ஆல்ஃபா ஒருமுறை நுரையீரலைக் கடந்தாலே பெரும்பகுதி அழிந்துவிடும். பிறகு எப்படி அது சூலகத்தை அடைகிறது? கருப்பையிலிருந்து வரும் சிரையும் சூலகத்துக்குப் போகும் தமனியும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. ஒட்டி ஓடும் இடத்திலேயே பொருள் சிரையிலிருந்து தமனிக்குக் கசிந்துவிடும். ஊரைச் சுற்றாமல் கொல்லைப்புறக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போவது போல.

கரு அனுப்பும் அவசரச் சேதி

சரி, மாடு சினை பிடித்திருந்தால்? 16-ம் நாள் உத்தரவு வந்து மஞ்சள் உடலம் போய்விட்டால் கருவும் போய்விடுமே?

அதற்கு முன்பே கரு முந்திக்கொள்கிறது. இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தை அனுப்பி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கருப்பைக்குச் சொல்கிறது. இன்டர்ஃபெரான் என்பது வழக்கமாக வைரஸுக்கு எதிராக உடம்பு சுரக்கும் புரதம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றைக் கர்ப்பச் சேதியாக ஆடு, மாடுகள் பயன்படுத்துகின்றன என்பது 1987-ல் தெரியவந்தபோது விஞ்ஞானிகளே வியந்தார்கள். அது உள்சுவரில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் முளைக்காமல் தடுக்கும். எஃப்2 ஆல்ஃபா அலைகள் எழாது. மஞ்சள் உடலம் பிழைக்கும், கர்ப்பமும் பிழைக்கும். பெண்ணில் இந்த வேலையை ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் செய்கிறது. வீட்டில் கர்ப்பத்தைப் பரிசோதிக்கும் பட்டை காட்டுவது அதைத்தான்.

கரு வலுவில்லாமல் சிறியதாக இருந்தால் அதன் சேதியும் பலவீனமாகத்தான் இருக்கும். சரியான நாளுக்குள் போய்ச் சேராது. மாடு சினை பிடித்தும் நிற்காமல், மறுபடி கத்துவதற்கு இது ஒரு காரணம். செஞ்சிப் பக்கத்தில் கோடையில் பாறைக் குன்றுகள் வெயிலை வாங்கி ராத்திரி வரை கக்கும். அந்த வெப்பம் கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும். கொட்டகையில் நிழல், நாள் முழுக்கக் குடிதண்ணீர், வெயில் தாழ்ந்த நேரத்தில் சினை ஊசி. இந்த மூன்றும் செலவில்லாத வைத்தியம்.

அதேசமயம், கரு பதிய புராஸ்டாகிளாண்டின் கொஞ்சமாவது வேண்டும். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த சுதான்ஷு டேயின் குழு, காக்ஸ்-2 நொதி இல்லாத எலிகளை 1997-ல் ஆராய்ந்தது. முட்டை வெளியேறுவது முதல் கரு பதிவது வரை ஒவ்வொரு படியிலும் தடங்கல் இருந்தது. அடியோடு நிறுத்தினாலும் கெடுதல், அளவு மீறினாலும் கெடுதல்.

ஊசி போடும் முன் இரண்டு கேள்விகள்

எஃப்2 ஆல்ஃபாவும், குளோப்ராஸ்டினால் போன்ற அதன் செயற்கை வடிவங்களும் இன்று கால்நடை மருத்துவர்களிடம் ஊசியாக இருக்கின்றன. பருவத்துக்கு வரும் அறிகுறி தெரியாத மாட்டுக்கு, மஞ்சள் உடலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போட்டால், இரண்டு முதல் ஐந்து நாளில் மாடு பருவத்துக்கு வரும். பருவம் கழிந்து முதல் ஐந்து நாளில் போட்டால் பலன் இருக்காது. மஞ்சள் உடலம் அப்போது பிஞ்சு, மருந்துக்குக் கட்டுப்படாது. அதனால்தான் சில நேரம் 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போடுகிறார்கள்.

ஊசிக்கு முன் வீட்டுக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'மாடு சினையா இருக்கான்னு பார்த்தாச்சா?' சினையாக இருக்கும் மாட்டுக்கு இந்த ஊசி போட்டால் கன்று கலைந்துவிடும். எப்போது சினை ஊசி போட்டோம் என்று காலண்டரில் குறித்துவைக்காத வீடுகளில் இந்த விபத்து நடக்க வாய்ப்பு அதிகம். ஒரு பென்சில் கோடு ஒரு கன்றைக் காப்பாற்றும்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: 'மாட்டைப் பிடிக்கிறது யார்?' நம் ஊரில் மாடு பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். இந்த மருந்து தோல் வழியாக உடம்புக்குள் போகக்கூடியது. கர்ப்பிணியின் கையில் சிந்தினால் அவர் கர்ப்பத்துக்கே ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். அதனால் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் ஊசி நேரத்தில் அருகில் நின்று மருந்தைக் கையாளக் கூடாது. மற்றவர்களும் கையுறை போட வேண்டும். சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காலி மருந்துக் குப்பியைக் கொட்டகையில் விட்டுவைக்கக் கூடாது.

கன்று ஈன்ற பிறகு கருப்பையில் சீழ் பிடித்த மாடு ஏன் பருவத்துக்கே வருவதில்லை? கிருமியின் நச்சு, உள்சுவரின் உற்பத்தியை எஃப்-இலிருந்து ஈ பக்கம் திருப்பிவிடுகிறது. எஃப்2 ஆல்ஃபா குறைவதால் மஞ்சள் உடலம் சுருங்காமல் உட்கார்ந்துகொள்கிறது. இப்படிப்பட்ட மாட்டுக்குச் சத்து மாவு மட்டும் கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை. மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள். மூன்று தவறினால் 63 நாள். அந்த இரண்டு மாதத் தீவனச் செலவை நீங்களே பெருக்கிப் பாருங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிரசவ அறையிலும் இதே பொருள்

பிரசவ நாள் தள்ளிப்போகும் பெண்ணுக்குக் கருப்பை வாயை மென்மையாக்க வைக்கும் ஜெல், ஈ2 வகைதான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போகும்போது, ஆக்ஸிடோசினுக்கும் கட்டுப்படாவிட்டால் போடப்படும் கார்போபுராஸ்ட் ஊசி, எஃப்2 ஆல்ஃபாவின் உறவு. உயிர் காக்கும் ஊசி அது. ஆனால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே, பிரசவத்துக்குச் சேரும்போது ஆஸ்துமா இருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கருக்கலைப்பு மாத்திரையும் இதே கதைதான். முதல் மாத்திரை புரோஜெஸ்டிரான் பூட்டைத் திறக்கும். இரண்டாவது, புராஸ்டாகிளாண்டின் போல வேலை செய்து கருப்பையைச் சுருக்கும். இதை மெடிக்கல் ஷாப்பில் ரகசியமாக வாங்கிப் போடும் பெண்களை நினைத்தால் பதறுகிறது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது; குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். சட்டம் டாக்டரின் மேற்பார்வையில் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஒளிந்து செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* டாக்டர் சொன்னபடி மாத்திரை போட்டும் மூன்று மாதவிடாய்க்குப் பிறகும் வலி குறையவில்லை என்றால்.
* வருஷத்துக்கு வருஷம் வலி கூடிக்கொண்டே போனால்.
* மாதவிடாய் இல்லாத நாட்களிலும் அடிவயிறு வலித்தால்; தாம்பத்தியத்தின்போதோ, மலம் கழிக்கும்போதோ வலித்தால்.
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால்.
* 30 வயதுக்கு மேல் புதிதாக வலி தொடங்கினால்.
* வலியோடு காய்ச்சலும், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலும் இருந்தால்.

இவற்றுக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு கட்டி, கிருமித்தொற்று போன்றவை இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸில் கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து, அங்கேயும் புராஸ்டாகிளாண்டினைச் சுரந்துகொண்டிருக்கும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு, உலக அளவில் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆகிறது என்பதுதான் இந்த நோயின் பெரிய சோகம். காரணம் மருத்துவம் மட்டும் அல்ல. 'எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானே' என்ற நம் ஒற்றை வரியும்தான்.

மாடு ஒரு வேளை தீவனம் எடுக்கவில்லை என்றால் உடனே டாக்டருக்கு போன் போடுகிறோம். நல்ல பழக்கம். மகள் ஒரு வேளை சாப்பிடாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாலும் அதே வேகம் நமக்கு வர வேண்டும்.